அங்காளம்மாள் ஆதரவற்றவர் அல்லர்

பெரிய ஆஸ்பத்திரி என்றே வைத்துக்கொள்வோம். பெயரைச் சொன்னால் எந்த வார்டு, எந்தத் தேதி, என்ன ஆதாரம் என்று கேட்டு எனக்குக் கடுதாசி வரும். வருஷம் எண்பத்து நாலு என்பதை மட்டும் சொல்லலாம், அதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பத்தோராம் நாள் காலை எட்டேகாலுக்கு அங்காளம்மாள் குணமாகிவிட்டாள். குணமான விஷயம் அவளுக்குத் தெரியாது. வலது கையும் வலது காலும் பக்கவாதம் அடித்துக் கொண்டுவந்து போட்ட அன்றைக்குக் கிடந்த மாதிரியே கிடந்தன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள், சோற்றைக் கரைத்து ஊட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் பெரிய டாக்டர் பன்னிரண்டு மாணவர்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, "நோய் முடிஞ்சுது. இனிமேல் மிச்சம் இருக்கறது வயசு. வயசுக்கு நம்மகிட்ட வார்டு கிடையாது" என்றார். மாணவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

பக்கத்தில் நின்ற மகள் செல்லாயிக்கு எழுதத் தெரியாது. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆக்குகிற ஒரு சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கிறாள். புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. மில்காரர்கள் கட்டிவிட்ட லைன் வீட்டில் ஒரே அறையில் நாலு பெண்களோடு படுத்துக்கொள்கிறாள். கிழங்கு உரிக்கிற கைக்குத்தான் அங்கே கூரை. வேலைக்கு வராத ஆளை யாராவது லைனில் தங்கவைத்தால், தங்க வந்தவளோடு தங்கவைத்தவளும் தெருவுக்கு வர வேண்டியதுதான். அண்ணன் செங்கோடன் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ரிக் வண்டியில் கூட்டுச் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு வருஷமாகக் கடுதாசி இல்லை. அதற்கப்புறம் அம்மா ஒரு சொந்தக்காரர் மாட்டுக் கொட்டாயில்தான் இருந்தாள். விழுந்ததும் அங்கேதான். இப்போது அந்த இடத்தில் மாடு கட்டியிருக்கிறார்கள்.

ஆக அம்மாவைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க ஆறடி இடமும், பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும். செல்லாயி கேட்டதெல்லாம் அவ்வளவுதான். இந்தக் கதையில் அவள் வேறெதையும் கேட்கப் போவதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுகிற குமாஸ்தா ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். "என்னுங்க போட்டிருக்குது?" என்று செல்லாயி கேட்டாள்.

"நலமடைந்து வீடு திரும்பினார்னு போட்டிருக்குது."

"ஊடு இல்லீங்களே."

"அதுக்கு இதுல எடமில்லம்மா. அச்சுலயே அப்படித்தான் வருது. செத்துட்டாச் செவப்புச் சீட்டு, இல்லீன்னா இந்தச் சீட்டு. உனக்கு எது வேணும்?"

செல்லாயி கைநாட்டு வைத்தாள். அங்காளம்மாள் நலமடைந்து வராண்டாவுக்குத் திரும்பினாள். வீடு திரும்பியவர்கள் பதினோரு பேர் ஏற்கெனவே அங்கே பாயில் கிடந்தார்கள். வீடு திரும்பியவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சோறு கிடையாது, மருந்து கிடையாது. மழைச்சாரல் மட்டும் வார்டுக்காரர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. செல்லாயி காலை முதல் பஸ்ஸில் வந்து, ஊட்டி, துடைத்து, துணி மாற்றிவிட்டு மில்லுக்கு ஓடுவாள். சாயங்காலம் மறுபடியும் வருவாள். நடுவில் பார்த்துக்கொண்டது பக்கத்துப் பாயில் புருஷனோடு கிடந்த பாவாயி. "நீ போ அம்முணி, நான் திருப்பிப் படுக்கப் போட்டுக்கறேன்" என்பாள். இந்தக் கதையில் சட்டம் எதுவும் தெரியாமல் நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான்.

அங்காளம்மாளுக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. யார் வந்தாலும் இடது கையைக் கொஞ்சம் தூக்கி, இழுத்த வாயோடு "வாங்க" என்பாள். டாக்டர் வந்தாலும் வாங்க. ஊசி போடுகிற நர்ஸ் வந்தாலும் வாங்க. பினாயில் வாளியோடு வருகிற ஆளுக்கும் வாங்கதான்.

அந்தப் பக்கத்து மனிதர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வாசலுக்கு வந்த ஒறம்பரையை, அதாவது விருந்தாளியை, 'வாங்க' என்று அழைப்பதற்கு அங்கே வாங்க கேட்பது என்று பெயர். கேட்காமல் விட்டால் கொலைக் குற்றத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அங்காளம்மாள் ஊரில் ஒரு கல்யாணப் பந்தலில், பஸ்ஸை விட்டு இறங்கிய மச்சானைப் பார்க்காமல் ஒருவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக இரண்டு குடும்பங்கள் பதினோரு வருஷம் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் இருந்தன. அங்காளம்மாளோ, எருமையை ஜப்தி பண்ண வந்த கோர்ட்டு ஆளையே வாங்க கேட்டு, உட்காரவைத்து, மோர் கொடுத்து, அப்புறம்தான் எருமையை அவிழ்த்துவிட்டவள். மூளையில் ரத்தம் உறைந்து எல்லா வார்த்தைகளையும் கொண்டுபோனபோது, அந்த ஒன்றை மட்டும் அவள் விடவில்லை போலிருக்கிறது.

வார்டு நர்ஸ் ஒருத்தி ரகசியம் சொல்வதுபோல, மோகனூர் ரோட்டில் வயசானவர்களுக்கென்றே ஒரு இல்லம் கட்டியிருப்பதாகச் சொன்னாள். 'முதியோர் அரவணைப்பு இல்லம்' என்று பெயர். ஐம்பது கட்டில்.

அதற்கான ஆபீஸில் நல அலுவலர் வெள்ளியங்கிரி இருந்தார். மேஜைக்கு மேலே ஒரு தாய் குழந்தையை அணைத்திருக்கும் காலண்டர் மாட்டியிருந்தது. செல்லாயி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, பெத்த தாயத் தாட்டி உடறதுக்கு ஒரு ஆபீஸத் தேடி வந்திருக்கறயே, இது உனக்கே நல்லா இருக்குதா?"

"தாட்டி உடலீங்க. படுக்க வெக்கறதுக்கு எடம் கேக்கறனுங்க."

"எடம் இருக்குது. ஐம்பது கட்டில் இருக்குது. அத்தனையும் தேக்கு. அந்த இல்லம் இருக்குதே, அது தமிழர் பண்பாட்டின் கருவூலம்." நடுவில் அவருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும். "தகுதி இல்லாத ஒரே ஒருவரைக்கூட இதுவரை நான் உள்ளே விட்டதில்லை. தகுதி உள்ளவர் என்று இரண்டு பேருக்கு மேல் இதுவரை வந்ததில்லை. அந்த அளவுக்கு நேர்மையாக நடத்துகிறேன்."

தகுதி என்னவென்றால், வாரிசு யாரும் இருக்கக் கூடாது. செல்லாயி யோசித்தாள். "பாகம் பிரிச்சப்போ, பொண்ணு வாரிசுல சேத்தி இல்லைன்னு ரெவின்யூ ஐயா சொன்னாருங்க. நெலமும் ஊடும் அண்ணனுக்கே எழுதிட்டாங்க. அப்பறம் நான் எப்படிங்க வாரிசு?"

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வரவில்லை. படிக்காத ஜனங்களுக்கு விளக்குவதில் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. "இத பாரு. அது சொத்து, இது தாயி. சொத்துன்னு வந்தா ஆம்பளப் புள்ளதான் வாரிசு. தாயின்னு வந்தா, எங் கண்ணு முன்னால எவ நிக்கறாளோ அவதான் வாரிசு. உங்கண்ணன் மத்தியப் பிரதேசத்துல இருக்கறான். அவன் மேல நான் எப்படி நடவடிக்கை எடுக்க முடியும்?"

 நிலத்தில் ஒரு சால் கூடத் தன் பெயருக்கு வராத அன்றைக்குச் செல்லாயி அழவில்லை. இன்றைக்கு, அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு, தான் வாரிசாக்கப்பட்டதைக் கேட்டபோது அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டு, இதற்கு என்ன பண்ணலாம் என்று கேட்டாள். வாரிசு இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரும்படி வெள்ளியங்கிரி சொன்னார்.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனுஷன். வாரிசு இல்லை என்கிற சான்று கேட்டு மனுப் போடுகிற உரிமை வாரிசுதாரருக்கு மட்டும்தான் உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி, செல்லாயியிடமே மனு வாங்கிக்கொண்டார். மூன்று நடை நடந்தபின் சான்று கிடைத்தது. 'மேற்படி அங்காளம்மாளுக்கு வாரிசு எவரும் இல்லை என்பதை அவருடைய மகள் செல்லாயி நேரில் வந்து உறுதி கூறியதால் இச்சான்று வழங்கப்படுகிறது.' வெள்ளியங்கிரி அதை இரண்டு தடவை படித்தார். "இப்பத்தான் ஒழுங்கா இருக்குது" என்று முத்திரை குத்தி, இல்லத்துக்குப் போய் மேட்ரனைப் பார்க்கச் சொன்னார்.

அந்த மூன்று நடைக்கும் மில்லில் மூன்று ஆப்சென்ட் விழுந்திருந்தது. நாலாவது நாள் மேஸ்திரி, "இன்னம் ரெண்டு தடவ, அப்பறம் பேர அடிச்சுப்போடுவேன். கெழங்கு உனக்காகக் காத்திருக்காது, புளிச்சுப் போயிரும்" என்றார்.

நியாயம்தான். கிழங்கு புளிக்கக் கூடாது என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வராண்டாப் பாயில் கிடந்த அங்காளம்மாளின் முதுகில் இரண்டு இடத்தில் தோல் வழன்று புண் வைக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு ஆப்சென்ட் போட யாரும் இல்லை.

இல்லம் வெள்ளைவெளேரென்று இருந்தது. வாசலில் துளசி மாடம், காரை போட்ட பாதை, பாதையின் இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ். மேட்ரன் சென்னியம்மாள் கொத்துச் சாவியோடு வந்து கூடத்தைத் திறந்து காட்டினாள். ஐம்பது தேக்குக் கட்டில்கள் வரிசையாக நின்றன. மெத்தைகளின் மேல் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சுவரில் மூன்று கேடயங்கள். மாவட்டத்திலேயே மிகச் சுத்தமான இல்லம் என்று மூன்று வருஷமாகத் தொடர்ந்து வாங்கியவை.

"ஒரு பொட்டுக் கறை காட்டு பாக்கலாம்" என்றாள் சென்னியம்மாள். "மூணு வருசமா ஒருத்தரையும் படுக்க உடலையே."

பின்கட்டில் ஒரு கிழவரும் ஒரு கிழவியும் பெரிய அண்டாவில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும்தான் இல்லத்தில் சேர்ந்தவர்கள். சேர்ந்ததிலிருந்து அங்கே வேலை செய்கிற ஏழு பேருக்கும் அவர்கள்தான் சமைக்கிறார்கள், கூட்டுகிறார்கள், குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். படுக்கை சமையல்கட்டுக்குப் பக்கத்தில், சாக்கில்.

"உங்கம்மா நடக்குமா?" என்று சென்னியம்மாள் கேட்டாள்.

"நடக்கறதில்லீங்க. ஒரு பக்கம் உழுந்து போச்சு."

"அப்பச் சேர்க்க முடியாதே. தன் வேலையத் தானே செய்யறவங்களத்தான் சேர்க்கோணும்னு விதி. தூக்கறதுக்கும் புரட்டறதுக்கும் இங்க போஸ்ட்டே இல்ல."

"நடந்து, சமைச்சுத் திங்கறவங்க எதுக்குங்க இங்க வர்றாங்க?"

"அதான் யாரும் வர்றதில்ல" என்றாள் சென்னியம்மாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். கெட்டவள் இல்லை. முழு ஆதரவற்றவர் என்று தேர்வுக் குழு நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் நடக்கிற விதியைத் தளர்த்தலாம் என்று அவள்தான் வழி சொன்னாள்.

தேர்வுக் குழு ஒரு புதன்கிழமை ஜீப்பில் வராண்டாவுக்கு வந்தது. குழு என்றால் வெள்ளியங்கிரி, கையில் பேனாவோடு ஒரு எழுத்தர், அப்புறம் கௌரவ உறுப்பினர் கந்தப்பன். கந்தப்பனுக்கு மோகனூர்ப் பக்கம் கரும்புத் தோட்டம் உண்டு, இரண்டு பஸ் ஓடுகிறது. நம்ம பக்கத்து மரியாதை, நம்ம பக்கத்துப் பழக்கவழக்கம் என்று எந்த மேடையிலும் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர். சலவை வேட்டி தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்களுக்கு நடுவே வந்தார்.

மூன்று பேரும் வந்து நின்றதும் அங்காளம்மாள் கண்ணைத் திறந்தாள். இடது கை எழும்பியது. "வாங்க" என்றாள்.

கந்தப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? பெரிய ஊட்டுப் பொம்பளை. கெடையில கெடந்தாலும் மரியாத எங்க போகும்?"

வெள்ளியங்கிரி விசாரணையைத் தொடங்கினார். "அம்மா, உங்களுக்குன்னு யாராவது இருக்கறாங்களா?"

"வாங்க."

"சோறு யார் போடறாங்க?"

"வாங்க."

"ஊடு இருக்குதா?"

"வாங்க" என்றாள் அங்காளம்மாள், முன்னைவிட அழுத்தமாக.

எழுத்தர் மூன்றையும் எழுதிக்கொண்டார். செல்லாயி பதறிப்போய், "அதுக்கு அந்த ஒரு பேச்சுத்தானுங்க வரும், எதைக் கேட்டாலும் அதைத்தானுங்க சொல்லும்" என்றாள். கந்தப்பன் கையமர்த்தினார்.

"நாங்க கேக்கறதுக்கு அது பதில் சொல்லுது. நீ குறுக்க பேசாத. சரி, வாங்கன்னு கேட்டாச்சு. கேட்டதுக்கப்பறம் ஒரு மொடக்குத் தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போறது நம்ம பக்கத்துல இல்ல. அப்படிப் போனா அந்தம்மாள அவமானப்படுத்தின மாதிரி." பாவாயியின் புருஷனை நகர்ந்து படுக்கச் சொல்லிவிட்டு, அவருடைய பாயின் ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "காப்பியே இருக்கட்டும். எனக்குச் சக்கரை கம்மி."

செல்லாயி ரோட்டைத் தாண்டிப் போய், டீக்கடையிலிருந்து நாலு காப்பி கொண்டுவந்தாள். நாலாவது ஜீப் டிரைவருக்கு. அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்தது அத்தோடு போயிற்று. குழு காப்பியைக் குடித்தது. கந்தப்பன் போகும்போது அங்காளம்மாளைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வாரனுங்க" என்று முறையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. வராண்டாவை ஒட்டிய வார்டில் இருந்த ஒரு வாத்தியார் படித்துச் சொன்னார். 'மனுதாரரின் தாயார் விருந்தினரை முறைப்படி வரவேற்றார். உபசரிப்பு நடைபெற்றது. காப்பி திருப்திகரமாக இருந்தது. வருவோரை "வாங்க" என அழைப்பவர் அழைப்பதற்கு ஓர் இல்லம் உடையவராகவே கருதப்பட வேண்டும் எனக் கௌரவ உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார். குழு ஏற்றது. ஆகவே அங்காளம்மாள் ஆதரவற்றவர் அல்லர்.'

வாத்தியார் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். செல்லாயி அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் காப்பி என்று எழுதியிருக்கும் என்று கண்டுபிடித்துவிடலாம் போல இருந்தது.

மேல்முறையீட்டு மனுவை வெள்ளியங்கிரியிடமே கொடுக்க வேண்டும். அதைத் தீர்ப்பதும் அதே குழுதான், ஆனால் வேறு தேதியில். மனுவை வாங்கிக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒத்தாசையாச் சொல்றேன். அடுத்த புதன்கிழமை வாரோம். உங்கம்மா வாயத் தொறக்காம பாத்துக்க. கேட்டுட்டா எங்கனால ஒண்ணும் பண்ண முடியாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்லாயி அம்மாவுக்குத் தலை சீவிவிட்டாள். சிக்கெடுத்து, கொண்டை போட்டு, முகத்தைத் துடைத்தபிறகும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு அந்த ஆபீசருங்க மறுக்காவும் வாராங்க. வந்தாங்கன்னா நீ வாங்க கேக்காத."

அங்காளம்மாள் மகளையே பார்த்தாள்.

"கேட்டீன்னா உனக்கு ஊடு இருக்குதுன்னு எழுதிப் போடறாங்கம்மா. கேக்காம இருந்தாத்தான் கட்டில் குடுப்பாங்க. எனக்காகச் சித்த நேரம் வாய மூடிக்க சாமி."

எழுபது வயசில் அந்த மனுஷியிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. செல்லாயிக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. அங்காளம்மாள் புரிந்ததா இல்லையா என்று காட்டிக்கொள்ளாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புரிந்திருந்தது. புதன்கிழமை குழு வந்து நின்றபோது இடது கை தன்னால் கொஞ்சம் எழும்பியது. பிறகு அதே கை முந்தானையை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழுவைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

கந்தப்பன் காத்திருந்தார். ஒரு தடவை கனைத்தும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "என்னய்யா இது, வந்து நின்னு அஞ்சு நிமிசம் ஆச்சு, ஒரு வார்த்த வாங்கன்னு சொல்லல?" என்று வெள்ளியங்கிரியைப் பார்த்தார். "நம்ம பக்கத்துல வாங்க கேக்காத ஊட்டு வாசல்ல நாய்கூட நிக்காது." வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

இரண்டாவது உத்தரவு சின்னது. 'அதிகாரிகளை மதிக்காத போக்கு. பண்பாட்டுக் குறைவு. இத்தகையவரைச் சேர்ப்பது இல்லத்தின் அமைதிக்கு ஊறு. மனு தள்ளுபடி.'

அன்றைக்குப் பிறகு அங்காளம்மாள் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் வந்தாலும் பினாயில் வாளி வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் உறைந்து விட்டுவைத்த ஒரு வார்த்தையை அரசாங்கம் இரண்டு புதன்கிழமையில் எடுத்துக்கொண்டுபோய்விட்டது. "இனிமேப் பேசம்மா, யாரு வந்தாலும் கேளும்மா" என்று செல்லாயி காதோடு கெஞ்சிப் பார்த்தாள். பயனில்லை. அந்த வெள்ளிக்கிழமை பாவாயியின் புருஷன் செத்து, அவருக்குச் சிவப்புச் சீட்டுக் கிடைத்தது. பாவாயி போகும்போது தன் பாயை அங்காளம்மாளுக்கு அடியில் கூடுதலாக விரித்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பகல் முழுக்க அங்காளம்மாளைத் திருப்பிப் போட ஆள் இல்லை. புண் இரண்டு நாலாயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் செல்லாயி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வராண்டாவுக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. வெள்ளியங்கிரி குதித்து இறங்கினார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

நாலாவது கேடயத்தைக் கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். வருகிறவர் கட்டிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் முதியவர்களையும் பார்க்க வேண்டும் என்று தந்தி கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்குள் ஐம்பது பேர் வேண்டும். கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு, சந்தைப்பேட்டை என்று பொறுக்கியதில் முப்பத்தெட்டுத்தான் தேறியது.

"நல்லாப் படுத்த படுக்கையா இருக்கறவங்களாப் பாத்து ஏத்துங்க" என்று வெள்ளியங்கிரி ஆட்களுக்குச் சொன்னார். "அப்பத்தான் எடுப்பா இருக்கும்." அங்காளம்மாளை அவரே கால் பக்கம் பிடித்துத் தூக்கினார். தூக்குகிற போஸ்ட் அன்றைக்கு எப்படியோ உண்டாகியிருந்தது.

மில் சங்கு ஊதுகிற நேரம். இல்லத்துக்கும் குழுவுக்குமாகப் போன நாட்களை ராத்திரி ஷிப்டில் ஈடு கட்டியும், இதோடு ஐந்தாவது ஆப்சென்ட். செல்லாயிக்கு அது தெரியும். லாரியில் ஏறி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இல்லத்தில் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துப்போட்டிருந்தார்கள். அங்காளம்மாளுக்குப் பன்னிரண்டாம் கட்டில். மெத்தை புதுசு. அவள் முதுகு அதில் பட்டதும் மூச்சு நீளமாக ஒன்று விட்டாள். எழுத்தர் பெரிய பதிவேடு ஒன்றைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுவந்து, எழுதியிருந்ததை உரக்கப் படித்துக்கொண்டே எல்லாருக்கும் விரலில் மை தடவினார். அங்காளம்மாளின் இடது கட்டைவிரல் போன பொங்கலிலிருந்தே அவள் அந்த இல்லத்தில் சேர்ந்து இருப்பதாக ஒப்புக்கொண்டது. பக்கத்திலேயே வெள்ளியங்கிரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

மெட்ராஸ் அதிகாரி வந்தார். கட்டில்களுக்கு நடுவே நடந்தார். பதிவேட்டைப் பார்த்துத் தானும் அதில் ஒரு கையெழுத்துப் போட்டார். "இந்த முகங்களில் எவ்வளவு அமைதி" என்று சொல்லிக் கேடயத்தைக் கொடுத்தார். லாரியில் ஏறியதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகங்கள் அமைதியாகத்தான் இருந்தன. எல்லாரும் முன்கூடத்துக்கு விருந்துக்குப் போனார்கள். சாப்பாடு முடிந்து அதிகாரியின் கார் கிளம்பியதும் வாசலில் லாரி ஹாரன் அடித்தது. கிழவர்களும் கிழவிகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சென்னியம்மாள் புதிய பிளாஸ்டிக் உறைகளோடு பின்னாலேயே வந்தாள்.

பன்னிரண்டாம் கட்டிலின் கால்மாட்டில் செல்லாயி உட்கார்ந்திருந்தாள்.

"ஏந்திரிம்மா, லாரி போகோணும்" என்றார் வெள்ளியங்கிரி.

"நாங்க வர்லீங்க."

"வர்லீன்னா? இது விழாவுக்குப் போட்டது."

"விழாவுக்குப் போட்டதுன்னு மெட்ராஸ் ஆபீசரய்யாகிட்டச் சொன்னீங்களா? எங்கம்மா பொங்கல்ல இருந்து இங்க இருக்குதுன்னு நீங்க எழுதி, அவரு கையெழுத்துப் போட்டிருக்கறாரு. இப்ப இல்லீன்னு எழுதோணும்னா அம்பது பேரையும் இல்லீன்னு எழுதுங்க. நான் வேண்டாங்கல."

அவள் குரலை உயர்த்தவில்லை. வெள்ளியங்கிரிக்கு மேடைத் தமிழும் வரவில்லை, வீட்டுத் தமிழும் வரவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். முன்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

வெற்றிலை போட்ட வாயோடு கந்தப்பன் வேகமாக வந்தார். "ஆரு அது? அன்னைக்கு ஒரு வார்த்த கேக்கத் தெரியாத கூட்டந்தான? தூக்கி லாரியில போடுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

அங்காளம்மாள் அவரைப் பார்த்தாள். தலைக்கு மேல் கூரை இருந்தது, முதுகுக்குக் கீழே மெத்தை இருந்தது, எதிரே வந்து நின்றது ஒரு ஒறம்பரை. இருபத்தி மூன்று நாளாகச் செத்துக் கிடந்த இடது கை மெல்ல எழும்பியது. வாயை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, வீட்டுக்காரியாகவே சொன்னாள்.

"வாங்க."

கந்தப்பன் அப்படியே நின்றுவிட்டார். வெளியே லாரி இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. சென்னியம்மாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எழுத்தரும் பார்த்தார். முக்கால் மணி நேரம் பேசுகிற மேடைகள் எல்லாம் அவருக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். வாங்க கேட்ட பொம்பளையை அவள் படுக்கையிலிருந்து தூக்கி எறிந்தார் என்கிற பேச்சு மோகனூர் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாது. அவருடைய பஸ்ஸே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பதின்மூன்றாம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.  பழக்கதோஷத்தில் செல்லாயியைப் பார்த்து, "ஒரு மொடக்குத் தண்ணி..." என்றார்.

செல்லாயி எழுந்திருக்கவில்லை. அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கையையும் எடுக்கவில்லை.

"பானை அங்க மூலைல இருக்குதுங்க" என்றாள். "போயி மோந்து குடிங்க. வாரப்ப எங்கம்மாளுக்கும் ஒரு டம்ளர் கொண்டாங்க."

கந்தப்பன் எழுந்து பானையைப் பார்த்துப் போனார்.